வகுப்பில் அறுபது பேர், வாட்ஸ்அப்பில் இருபத்தைந்து பேர்: மீதிப் பேர் எங்கே?

செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கங்களில் 'முன்னாள் மாணவர்கள் சந்திப்பு' என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. ஒரே நிற டீ-ஷர்ட், நடுவில் சால்வை போர்த்திய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கீழே "30 ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடினர்" என்று ஒரு வரி. படத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சில கேள்விகள் எழுகின்றன. இத்தனை ஆண்டு கழித்து எப்படித் தேடிப் பிடித்தார்கள்? எங்கள் வகுப்பில் மட்டும் ஏன் பாதிப் பேருக்கு மேல் கிடைக்கவில்லை? கிடைத்த குழுவும் ஏன் ஆறே மாதத்தில் காலை வணக்கப் படங்களும் சண்டையுமாக ஆகிவிடுகிறது? வசூலித்த பணத்துக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. சமூக ஊடகம் நம் வகுப்பைத் திரும்பக் கூட்டித் தருவதில்லை. எளிதில் அகப்படுகிறவர்களை மட்டும் அது கூட்டித் தருகிறது. யார் எளிதில் அகப்படுவார்கள் என்பதை அவர்களுடைய பெயர், பாலினம், படிப்பு, கையிலிருக்கும் போன் ஆகியவை தீர்மானிக்கின்றன. அது புரிந்துவிட்டால் விட்டுப்போனவர்களை எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஏன் இப்போது, ஏன் இந்த வயதில்

வகுப்புத் தோழர்களை இணையத்தில் தேடுவது புதிதல்ல. அமெரிக்காவில் கிளாஸ்மேட்ஸ் என்ற தளம் 1995-லும், பிரிட்டனில் பிரெண்ட்ஸ் ரீயுனைட்டட் 2000-லும் இதற்காகவே தொடங்கப்பட்டன. இந்தியாவில் அந்த இடத்தைப் பிடித்தது ஆர்குட். 2004 ஜனவரியில் வந்து 2014 செப்டம்பரில் மூடப்பட்ட அந்தத் தளத்தில் பள்ளிகளுக்கென்று குழுக்கள் இருந்தன. ஆனால் அன்று அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்குப் போனவர்கள், கணினி முன்னால் உட்கார வாய்த்தவர்கள். சிறு ஊரில் மெக்கானிக் கடை வைத்திருந்த தோழரும் விவசாயம் பார்த்த தோழரும் அந்த வலையில் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகுதான் அவர்கள் கையிலும் வாட்ஸ்அப் வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்பு குழுக்கள் பெருகியதும் அதன் பிறகுதான்.

வயதுக்கும் இதில் பங்குண்டு. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலத்து நினைவுகளே மற்ற காலத்தைவிட அதிகமாக வந்து விழுகின்றன. உளவியலாளர்கள் வரைபடமாகப் போட்டபோது அந்த இடம் மேடாகத் தெரிந்ததால் அதை 'நினைவு மேடு' எனலாம். பிள்ளைகள் ஓரளவு வளர்ந்து, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ அவர்கள் காரியத்துக்கோ சொந்த ஊருக்கு அடிக்கடி போய்வரும் பருவமும் இந்த நாற்பதைத் தாண்டிய வயதே. பழைய தெருவில் இரண்டு முறை நடந்தால் பழைய பெயர்கள் தாமாக வரும்.

இதில் வேறு ஆதாயமும் இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே, அன்றாடம் பழகும் நெருங்கியவர்களைவிடத் தூரத்துப் பழக்கக்காரர்கள் வழியாகவே புதிய தகவல் வருகிறது என்று எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதே காரணம். டேனியல் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி போனது. ஆண்டுக்கணக்கில் பேசாமல் விட்ட 'உறங்கும் தொடர்பு'களைத் தம் வேலை விஷயமாக மீண்டும் கேட்கச் சொன்னபோது, அவர்கள் தந்த ஆலோசனை புதியதாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததாக நிர்வாகிகள் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு குழுவில் ஒரே நாளில் ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், ஒரு சர்வேயர், ஒரு எலக்ட்ரீஷியன் கிடைப்பது அதன் நாட்டு வடிவம்.

தேடல் பெட்டிக்குப் புரியாத பெயர்கள்

பேஸ்புக் போன்ற தளங்கள் முதல்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துக் கட்டப்பட்டவை. தமிழ்நாட்டுப் பெயரில் இருப்பது இனிஷியலும் பெயரும். அங்கேதான் தேடல் சறுக்குகிறது.

1. இனிஷியல் விரியும். வகுப்பில் 'எஸ். முருகன்' என்று கூப்பிடப்பட்டவர் பேஸ்புக்கில் 'முருகன் எஸ்' ஆக இருக்கலாம், 'முருகன் சுப்பையா' ஆக இருக்கலாம். வெளிநாடு போனவர் என்றால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப்பெயராகி, அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் 'சுப்பையா' என்றே அழைத்துக்கொண்டிருக்கலாம். தோழரின் அப்பா பெயர் தெரியாமல் வெளிநாட்டில் இருக்கும் தோழரைத் தேடக் கிளம்பக்கூடாது.

2. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். 'லட்சுமி'யில் நடுவே கே-எஸ்-எச் போடுவோர் உண்டு, எக்ஸ் போடுவோர் உண்டு, டி-சி-எச் போடுவோர் உண்டு. 'சண்முகம்' எஸ்-எச்-ஏ என்று தொடங்கும். திருநெல்வேலிப் பக்கம் எஸ்-எச்-யு என்றும் தொடங்கும். ழகரம் இசட்-எச் ஆகவும் வெறும் எல் ஆகவும் எழுதப்படும். எண்கணிதம் பார்த்து நடுவயதில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டவர்கள் தனிக் கணக்கு. ஒரு பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்களாவது முயலவேண்டும், தமிழ் எழுத்திலும் ஒரு முறை. தமிழில் பெயர் வைத்திருப்பவர்களை ஆங்கிலத் தேடல் பல நேரம் தவறவிடும்.

3. நாம் அறிந்த பெயரே வேறாக இருக்கலாம். வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், தெருவில் பட்டப்பெயர். 'குண்டு மணி' என்ற பெயரில் யாரும் கணக்குத் தொடங்குவதில்லை.

4. ஊரும் பள்ளியும் பெயர் மாறியிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெரியார் மாவட்டம் என்று படித்தவர்களுக்கு இன்று அது ஈரோடு. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆகி, அதிலிருந்து தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது. உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்திருக்கும். ஒரே பள்ளிக்குப் பேஸ்புக்கில் நான்கு பக்கங்கள், நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் பேர் என்று கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைபேசி எண் வழியும் முன்போல் இல்லை. எண்ணையோ மின்னஞ்சலையோ தட்டி ஆளைத் தேடும் வசதியைப் பேஸ்புக் 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டது. பழைய டைரியில் இருக்கும் கைப்பேசி எண்ணையும் நம்பமுடியாது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குத் தரப்படலாம். அந்த எண்ணில் எடுப்பவர் யாரோ ஒருவர் என்றால் "மன்னிக்கவும்" சொல்லி வைத்துவிடுவதே முறை. கதை கேட்கத் தொடங்கினால் அவர் மோசடி அழைப்பு என்றே நினைப்பார்.

பெயரைக் கேட்காதீர்கள், படத்தைக் காட்டுங்கள்

குழு தொடங்கியதும் எல்லோரும் செய்யும் முதல் தவறு, "நம்ம கிளாஸ்ல யார் யார் இருந்தாங்க, ஞாபகம் இருக்கிற பேரைப் போடுங்க" என்று கேட்பது. பத்துப் பதினைந்து பெயர்களோடு அது நின்றுவிடும். அந்தப் பதினைந்தும் முதல் பெஞ்சுக்காரர்களும் சேட்டைக்காரர்களுமாகத்தான் இருப்பார்கள்.

காரணம் நினைவின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1975-ல் 392 பேரைச் சோதித்தார்கள், 17 வயது முதல் 74 வயது வரை. வகுப்புத் தோழர்களின் பெயர்களைத் தாமாகச் சொல்லச் சொன்னபோது, பள்ளியை விட்டு 15 ஆண்டுகளுக்குள் இருந்தவர்களின் துல்லியம் ஏறத்தாழ 60 விழுக்காடு. 48 ஆண்டுகள் ஆனவர்களிடம் 30 விழுக்காடு. ஆனால் பள்ளி ஆண்டுமலரின் படத்தைக் காட்டி 'இவர் உங்கள் வகுப்பா' என்றபோது முதல் பிரிவினர் 90 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். 48 ஆண்டுகள் கழித்தும் அது 70 அளவில் நின்றது. வெறும் மூளையைக் கசக்கி நினைவுகூர்வது தேயும், கண்டால் அறிவது அவ்வளவாகத் தேயாது.

நம்மிடம் ஆண்டுமலர் இருக்காது, குரூப் போட்டோ இருக்கும். கறுப்பு வெள்ளையோ கலரோ, அட்டையில் ஒட்டி, கீழே "அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம்", "நிற்பவர்கள் முதல் வரிசை" என்று பெயர் அச்சிட்டுத் தருவது வழக்கமாக இருந்தது. அந்த ஒரு படம் கிடைத்தால் தேடலில் பாதி முடிந்த மாதிரி. தேட வேண்டிய இடங்கள்: அப்போதைய வகுப்பாசிரியர் வீடு, ஊரில் பழைய ஸ்டுடியோ, பள்ளித் தலைமையாசிரியர் அறைச் சுவர், ஊரைவிட்டுப் போகாத தோழரின் அம்மாவிடம் இருக்கும் டிரங்குப் பெட்டி. பிளஸ் டூ முடிக்கும்போது கைமாறிய ஆட்டோகிராப் நோட்டிலும் முழுப்பெயர், அப்பா பெயர், வீட்டு முகவரி, சில நேரம் பிறந்தநாளும் இருக்கும். (பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்தநாளை நம்பவேண்டாம். சேர்க்கும்போது வயது பொருந்துவதற்காக மே, ஜூனில் ஒரு தேதி எழுதிக்கொள்ளப்பட்டவர்கள் ஏராளம்.)

படத்தைக் குழுவில் போடும்போது முழுப்படத்தோடு நிறுத்தாமல் முகம் முகமாக வெட்டி, எண் கொடுத்துப் போடுங்கள். "17-ம் எண் யார்?" என்றால் ஐந்து நிமிடத்தில் பதில் வரும். "யார் இல்லை?" என்றால் வராது.

தேடும் வரிசை

1. வருகைப் பதிவேட்டை மீண்டும் எழுதுங்கள். பல பள்ளிகளில் முதலில் மாணவர், பிறகு மாணவியர் என்று வரிசை இருக்கும். அந்த ராகத்திலேயே நினைவு ஓடும்: ஒரு பெயரைச் சொன்னால் அடுத்து எழுந்து "உள்ளேன் ஐயா" சொன்னவர் வருவார். பெயர், இனிஷியல், அப்பா பெயர், அப்பா தொழில், தெரு, உடன்பிறந்தோர், கடைசியாகப் பார்த்த ஆண்டு என ஏழு பத்திகள் போட்ட ஒரு தாள் போதும்.

2. ஊரிலேயே இருக்கும் மூன்று பேரைப் பிடியுங்கள். மெடிக்கல் ஷாப், ஜெராக்ஸ் கடை, ரேஷன் கடை, கூட்டுறவு வங்கி என்று ஊர் முழுக்க வந்துபோகும் இடத்தில் இருப்பவர் ஒருவர் கிடைத்தால், இணையத்தில் மாதக்கணக்கில் தேடுவதை ஒரு வாரத்தில் முடிப்பார். தோழரின் வீடு விற்றுப்போயிருந்தாலும் வாங்கியவருக்கு விற்றவரின் எண் தெரிந்திருக்க வாய்ப்புண்டு.

3. கிடைத்தவரின் நண்பர் பட்டியலைப் பாருங்கள். பேஸ்புக்கில் பெயரைத் தட்டித் தேடுவதைவிட இது விரைவு. வகுப்புத் தோழர் ஒருவர் தன் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேரோடு இணைந்திருப்பார். 'உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும்' என்று தளம் காட்டும் முகங்களும் முக்கியமாகப் பொது நண்பர்களை வைத்தே வருகின்றன. அதனால் முதல் ஐந்து பேர் கடினம், அடுத்த இருபது பேர் எளிது, அதற்கு மேல் மறுபடியும் கடினம். அந்த இடத்தில் பலர் "இவ்வளவுதான் கிடைப்பார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவரை கிடைத்தது ஒரு நட்பு வளையம் மட்டுமே. மற்ற வளையத்தில் ஒருவரையாவது பிடித்தால்தான் அடுத்த இருபது வரும்.

4. அலுவலகப் பணியில் இருப்பவர்களுக்கு லிங்க்டுஇன். அதில் பள்ளியைப் பலர் எழுதுவதில்லை, கல்லூரியை எழுதுவார்கள். "பாலிடெக்னிக் போனான்" என்ற தகவல் இருந்தால் அந்தப் பாலிடெக்னிக்கின் பெயரையும் முடித்த ஆண்டையும் வைத்துத் தேடுங்கள்.

5. செய்தி அனுப்பும்போது மூன்று அடையாளம் கொடுங்கள். நட்பில் இல்லாதவர் அனுப்பும் செய்தி மெசஞ்சரில் 'செய்திக் கோரிக்கைகள்' என்ற தனி இடத்துக்குப் போய்விடும். பலர் அதைத் திறப்பதே இல்லை. திறந்தாலும் "ஹாய், ஞாபகம் இருக்கா?" என்பது மோசடிக்காரர் அனுப்புவதைப் போலவே இருக்கும். எழுதவேண்டியது இப்படி: "நான் அரசு மேல்நிலைப் பள்ளி, 1994 பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. நம் கணக்கு ஆசிரியர் இன்னார். நீங்கள் சைக்கிளில் இன்ன ஊரிலிருந்து வருவீர்கள். அவர் நீங்கள்தானா?" பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை. மூன்றாவது முறை வேண்டாம்.

ஈழத் தமிழர்களுக்கு இந்த வரிசை மாறும். 1995 அக்டோபர் இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்து வகுப்புகள் பல சிதறின. ஊரிலிருக்கும் மூன்று பேரைப் பிடிப்பது அங்கே பல நேரம் முடியாது. ஆனால் டொராண்டோ, லண்டன் போன்ற நகரங்களில் யாழ்ப்பாணப் பள்ளிகளுக்குப் பழைய மாணவர் சங்கக் கிளைகள் இருக்கின்றன. இன்ன ஆண்டு ஏ.எல். (இலங்கையின் உயர்தரத் தேர்வு) எடுத்தவர் என்றால் அந்த வழியில் விசாரிப்பது பேஸ்புக்கைவிட நம்பகமானது.

பெண்கள் ஏன் கிடைப்பதில்லை

இருபாலர் பள்ளியின் குழுவை எண்ணிப் பார்த்தால் வகுப்பில் பாதியாக இருந்த பெண்கள் குழுவில் மிகக் குறைவாக இருப்பதைப் பல நேரம் பார்க்கலாம். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் கணவர் பெயருக்கு மாறுகிறது, ஊர் மாறுகிறது, சுயவிவரப் படத்தில் பிள்ளையோ பூவோ சாமியோ இருக்கும். 2020-ல் பேஸ்புக் இந்தியாவில் கொண்டுவந்த சுயவிவரப் பூட்டைப் போட்டிருந்தால் அந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கமுடியாது. சிம் கணவர் பெயரில் இருக்கும், போனைப் பிள்ளைகளும் எடுப்பார்கள்.

இங்கே வழி தெளிவானது: அவரைத் தேடாதீர்கள், அவருடைய அண்ணன் தம்பியைத் தேடுங்கள். அப்பாவின் இனிஷியல் அவர்களிடம் மாறாமல் இருக்கும், ஊரும் பல நேரம் மாறாது. ஆனால் கேட்கும் வேலையை வகுப்பில் படித்த இன்னொரு பெண் செய்யவேண்டும். ஆண் குரல் அந்நிய எண்ணிலிருந்து "உங்க தங்கச்சி நம்பர் வேணும்" என்றால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அந்தப் பதிலில் தவறும் இல்லை.

எண் கிடைத்துவிட்டது என்பதற்காக நேராகக் குழுவில் சேர்ப்பது இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய பிழை. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நொடியில் அவருடைய எண் எல்லா உறுப்பினருக்கும் தெரிந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு "சாப்டியா" என்று தனிச்செய்தி அனுப்பும் ஒருவர் அறுபது பேரில் இருந்தால் போதும், அந்தப் பெண் வெளியேறுவார். அவரோடு நான்கு பெண்கள் வெளியேறுவார்கள். அதனால் பெண்களுக்கென்று முதலில் தனிக் குழு, அவர்களில் ஒருவர் பொதுக் குழுவுக்கும் அட்மின் என்ற ஏற்பாடு நன்றாக ஓடுகிறது. பொதுக் குழுவுக்கு வர விரும்பாதவருக்குச் சந்திப்பு நாளின் தேதியும் இடமும் மட்டும் தனியாகப் போய்ச் சேர்ந்தால் போதுமானது.

'பத்தாம் வகுப்பு பேட்ச்' என்ற பெயரே சிலரை வெளியே நிறுத்துகிறது

பேட்ச் என்பது ஒரே ஆண்டில் ஒரே தேர்வு எழுதியவர்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் உடன் உட்கார்ந்தவர்களில் சிலர் எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போனவர்கள், சிலர் ஒன்பதில் நின்று ஓராண்டு பின்தங்கியவர்கள். குழுவின் பெயர் 'பத்தாம் வகுப்பு 1994' என்று இருந்தால் அவர்கள் தங்களை அதில் எண்ணிக்கொள்ளமாட்டார்கள். சேர்த்தாலும் பேசமாட்டார்கள். பெயரை 'ஆறு முதல் பத்து வரை, 1989–94' என்று வைப்பதில் செலவு ஏதுமில்லை.

பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்கு ஆள் ஒதுக்கவேண்டும்: ஒருவருக்கு ஐந்து பேர் என்று பிரித்து, மாதம் ஒரு முறை குரல் அழைப்பு. குழுவில் எடுத்த முடிவுகள் அவர்களுக்குப் போய்ச் சேர அது ஒன்றே வழி.

மூன்றாவது தடை பணம். தலைக்கு 2,000 ரூபாய், டீ-ஷர்ட் தனி, குடும்பத்தோடு வந்தால் கூடுதல் என்று அறிவித்த அன்றே "அன்னைக்கு ஒரு கல்யாணம் இருக்கு" என்று சிலர் ஒதுங்குவார்கள். கட்டணத்தை ஒரே தொகையாக வைக்காமல், "குறைந்தது 300, அதற்கு மேல் விருப்பம்" என்று வைத்து, யார் எவ்வளவு தந்தார்கள் என்பதைப் பொருளாளர் ஒருவர் மட்டும் அறிந்திருப்பது நல்லது. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மொய் நோட்டுப் போலக் குழுவில் ஓடவிடும் வழக்கத்தை முதலிலேயே நிறுத்துங்கள்.

இறந்துபோனவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். யாரோ சொன்னார்கள் என்று இரங்கல் படம் போட்டு, மறுநாள் அந்த ஆளே "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுதிய கூத்துகள் நடக்கின்றன. குடும்பத்தில் ஒருவரிடம் பேசி உறுதிசெய்த பிறகே அறிவிக்கவேண்டும்.

குழுவின் அமைப்புகள்: முதல் நாளே செய்யவேண்டியவை

வாட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பு 2022 முதல் 1,024 பேர். ஒரு வகுப்புக்கு அல்ல, ஒரு பள்ளியின் மொத்த பேட்சுக்கே அது தாங்கும். எண்ணை மறைத்துக்கொண்டு பேச வசதி வேண்டுமென்றால் டெலிகிராம் பொருத்தம், ஆனால் சிற்றூர்த் தோழர்களில் பலர் அதில் இல்லை.

1. அழைப்பு இணைப்பைப் பேஸ்புக்கில் பொதுவில் போடாதீர்கள். இணைப்பு கையில் கிடைத்த எவரும் உள்ளே வரலாம். போட்டுவிட்டீர்கள் என்றால் இணைப்பை மாற்றியமைக்கும் வசதி உண்டு, பழையது செத்துவிடும். புதியவர்களை அட்மின் ஒப்புதலுக்குப் பிறகே சேர்க்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

2. அட்மின் மூன்று பேர். ஒருவர் மட்டும் என்றால், அவர் போன் தொலைந்த அன்று குழு அநாதை. எல்லோரும் அட்மின் என்றால் ஒருவரை ஒருவர் நீக்கும் திருவிளையாடல் தொடங்கும்.

3. தேதி, இடம், கணக்கு ஆகியவற்றுக்கு அட்மின் மட்டும் எழுதும் தனி அறிவிப்புக் குழு. அரட்டைக் குழுவில் போட்ட முக்கியச் செய்தி மாலைக்குள் புதைந்துவிடும். ஒரு கணக்கு: 60 பேரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு காலை வணக்கப் படம் என்றால் 120 படங்கள். ஒன்று 150 கேபி என்றால் நாளுக்கு 18 எம்பி, மாதம் 540 எம்பி. 32 ஜிபி போன் வைத்திருப்பவர் வெளியேறுவதற்கு வேறு காரணம் தேடவேண்டாம். தானாகப் பதிவிறங்கும் அமைப்பை நிறுத்துவது எப்படி என்று முதல் வாரத்திலேயே ஒருவர் குரல் செய்தியில் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

4. தேதி முடிவுக்கு வாக்கெடுப்பு வசதி. "எப்போ வசதி?" என்ற கேள்விக்கு அறுபது பதில் வரும். மூன்று தேதி கொடுத்து வாக்கெடுத்தால் மூன்று எண்கள் வரும்.

யாராவது வெளியேறினால் அது அட்மின்களுக்கு மட்டும் தெரியும் என்று 2022-ல் மாற்றினார்கள். ஆனால் கடந்த 60 நாட்களில் வெளியேறியோர் பட்டியலை எந்த உறுப்பினரும் குழு விவரத்தில் பார்க்கலாம். "சத்தமில்லாமல் போய்விட்டேன்" என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. வெளியேறியவரைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பவர்களும் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று: தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு 2019 முதல் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

கெடுவது எங்கே

முதல் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. முப்பது ஆண்டு கழித்துக் கிடைத்த தோழரின் குரல் நமக்குத் தெரியாது, முகம் மாறியிருக்கும், நம்பிக்கை மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். மோசடிக்காரருக்கு இதைவிட நல்ல நிலம் இல்லை. வழக்கமான முறை இது: குழுவில் ஒருவரிடம் "தவறுதலாக உனக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அனுப்பு" என்று கேட்பார்கள். அது அவருடைய வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கும் குறியீடு. அனுப்பியதும் கணக்கு கைமாறும். பிறகு அவர் பெயரிலேயே குழுவினர் ஒவ்வொருவருக்கும் "மருத்துவமனையில் இருக்கிறேன், 20,000 ஜிபே பண்ணு, நாளைக்குத் தருகிறேன்" என்று போகும். தடுப்பு இரண்டு: வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க ரகசிய எண் வைப்பது, பணம் கேட்டு எழுத்தில் எது வந்தாலும் அழைத்துப் பேசாமல் அனுப்பாதது. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழைக்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

இரண்டாவது ஆபத்து உள்ளேயே இருக்கிறது. காப்பீட்டு முகவர், மனை விற்பவர், சங்கிலித் தொடர் வணிகம் செய்பவர், பதிவில்லாத சீட்டு நடத்துபவர் ஆகியோர் எந்தக் குழுவிலும் உண்டு. தொழில் செய்வது தவறல்ல. ஆனால் 'நம்ம பையன்' என்ற ஒரே தகுதியில் சீட்டில் சேர்ந்தால், சீட்டு முறியும்போது பணத்தோடு நட்பும் முறியும். 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்க வெட்கப்படக் கூடாது.

மூன்றாவது அரசியல், சாதி, மதம். வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முப்பது ஆண்டுகளில் வெவ்வேறு கட்சிகளுக்கும் சங்கங்களுக்கும் போயிருப்பார்கள். தேர்தல் மாதத்தில் குழு உடையும். அட்மின்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: யாரோ போட்ட அவதூறுக்கு நான் சிறைக்குப் போகவேண்டுமா? வெறும் அட்மின் என்ற காரணத்துக்காக உறுப்பினரின் பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் 2021-ல் இதே வழியில் சென்றது. பேசிவைத்துக்கொண்டு செய்திருந்தால் கதை வேறு. எப்படியும், அட்மின் எவருடைய பதிவையும் எல்லோருக்கும் நீக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்கும் அட்மின் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம்.

பணம் யார் கணக்கில்

ஒரு நாள் சந்திப்புக்கு இரண்டு பேர் பெயரில் கூட்டு சேமிப்புக் கணக்கு போதும். தனி ஒருவர் கணக்கில் லட்சக்கணக்கில் வாங்குவதில் அவருக்கே சிக்கல் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா கிடைத்த பணம் வருமானவரியின் கண்ணில் வருமானம். 'இது என் பணமல்ல, செலவுக்கு வாங்கியது' என்று காட்ட வரவு, செலவு, ரசீது மூன்றும் கையில் இருக்கவேண்டும்.

பள்ளிக்குக் கட்டடமோ கழிப்பறையோ கட்டித்தருவது, ஆண்டுதோறும் உதவித்தொகை தருவது என்று நீளும் திட்டம் என்றால் சங்கமாகப் பதிவு செய்வதே சரி. 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அரசுப் பள்ளிக்கு என்றால் 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. முன்னாள் மாணவர்கள் அதன் வழியாகத் தங்கள் பள்ளியைத் தேர்ந்து உதவலாம்.

வெளிநாட்டுத் தோழர்கள் பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ நன்கொடை தரும்போது, துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்புவது, அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும், 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.

சந்திப்பு முடிந்த மறுவாரம்

அன்றைய படங்கள் நூற்றுக்கணக்கில் குழுவில் கொட்டும். வாட்ஸ்அப் இயல்பாகவே படத்தின் தரத்தைக் குறைத்து அனுப்பும். பெரிதாக அச்சிட்டால் முகங்கள் கலங்கித் தெரியும். நல்ல படங்களை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது ஒருவர் இணைய ஆல்பத்தில் ஏற்றி இணைப்பைத் தரட்டும். பேஸ்புக்கில் பொதுவில் போடும் முன் பெண்களிடமும், படம் வேண்டாம் என்று சொன்னவர்களிடமும் கேட்கவேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பதினைந்து நாளுக்குள் அறிவிப்புக் குழுவில் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் தாமதமானால் கேள்வி கேட்பவர் கெட்டவராகிவிடுவார்.

குரூப் போட்டோவை அச்சிடும்போது ஸ்டுடியோக்காரரிடம் பழைய முறையிலேயே கீழே பெயர் போடச் சொல்லுங்கள்: அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலம். பெண்கள் பெயருக்கு முன்னால் பள்ளிக்கால இனிஷியலும் இப்போதைய இனிஷியலும் இரண்டும் இருக்கட்டும். ஒரு பிரதியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டக் கொடுத்துவிட்டு வாருங்கள்.